பாட்டி வளர்க்கும் பிள்ளைக்கு

மகளையும் மருமகனையும் பறிகொடுத்துவிட்டு, பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த பாட்டி உங்கள் தெருவிலும் இருப்பார். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்கிறோம். அவர் சொல்லமாட்டார், என்ன கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. ஆகவே நாமே இறங்கவேண்டியதுதான்.

முதலில் காகிதம். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் அலைச்சல் மிச்சம். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தபந்தம் கூடும்போதே சான்றிதழ் வாங்கியாச்சா என்று கேட்டுவிடுங்கள். அதோடு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் அட்டை எல்லாவற்றையும் ஐந்தைந்து ஜெராக்ஸ் எடுத்து ஒரு ஜிப் பையில் போட்டுக் கொடுங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளியில் வேறொன்று என்றிருந்தால் அதை முதலில் திருத்துங்கள். பாதி மனுக்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

அடுத்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு மிஷன் வத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் கேட்கலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்குக் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். பிள்ளைக்கு எது பொருந்தும் என்று அங்கேயே கேளுங்கள். மனு கொடுத்த கையோடு பணம் வராது, குழு ஒப்புதல் தரவேண்டும். பாட்டியைத் தனியே அனுப்பாதீர்கள். கூடவே பஸ் ஏறுங்கள்.

பிறகு பள்ளி. பழைய பள்ளியிலிருந்து டி.சி. வரவில்லை என்று எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக்கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பிள்ளை பெயரில் நிலமோ இன்சூரன்ஸ் பணமோ இருந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வக்கீல் இலவசம்.

இனி பிள்ளை. "அம்மா ஊருக்குப் போயிருக்கா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லிவைத்த ஒரு பையன், ஆறு வயதிருக்கும், சத்துணவு முட்டையில் பாதியை அம்மாவுக்கென்று டிபன் பாக்ஸில் மூடி வைப்பான். சாயங்காலம் அதைப் பாட்டி எடுத்துக் கொட்டுவார். அம்மா இறந்துவிட்டாள், இனி வரமாட்டாள், உன்னை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். அவன் திரும்பத் திரும்பக் கேட்பான். அதே பதிலைச் சொல்லுங்கள். அடி உதை, படிப்பை நிறுத்தும் பேச்சு என்று ஏதாவது காதில் விழுந்தால் 1098க்குப் போன் செய்யுங்கள்.

பாட்டியின் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டதா என்றும் பாருங்கள். ஞாயிறு மத்தியானம் இரண்டு மணி நேரம் பிள்ளையை உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். அவர் கொஞ்சம் படுக்கட்டும்.