பைக்கில் பிள்ளையோடு போகும்போது

மாதக் கூட்டத்துக்கு வரும் நம் உறுப்பினர்கள் சிலர், பிள்ளையைப் பைக் டேங்க் மேல் உட்கார வைத்து வருவதைப் பார்க்கிறோம். கேட்டால், "மெதுவாத்தானே வர்றோம்"னு சொல்றாங்க. சட்டென்று பிரேக் போட்டால் பிள்ளையின் முகம்தான் முதலில் ஹேண்டில்பாரில் இடிக்கும்.

9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைக்குப் பாதுகாப்பு பெல்ட்டும் ஹெல்மெட்டும் 2023 பிப்ரவரி 15 முதல் கட்டாயம். வேகமும் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த பெல்ட் பிள்ளைக்குச் சட்டை மாதிரி மாட்டுவது. அதன் வார்களை வண்டி ஓட்டுபவர் தோளில் மாட்டிக்கொள்ளணும்.

வாங்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போய், மாட்டிப் பாருங்கள். 30 கிலோ தாங்குமா, தண்ணீரில் நனைந்தால் கெடாதா என்று கேளுங்கள். கொக்கியை நாலு தடவை இழுத்துப் பாருங்கள், கழன்றால் வேண்டாம். ஹெல்மெட் தலையோடு பொருந்தணும், ஆடக் கூடாது. சேலையால் கட்டிக்கொள்வது இதற்கு ஈடாகாது. முடிச்சு நெகிழும், முந்தானை சக்கரத்தில் சிக்கும்.

தலை நிற்காத பச்சைக் குழந்தைக்கு எந்த பெல்ட்டும் சரிவராது, பைக்கே வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமானால் வீட்டில் கொண்டுவந்து விட 102 வண்டி இலவசம். பல பேர் கேட்பதே இல்லை. வீட்டுக்கு அனுப்பும் அன்று காலையிலேயே நர்ஸம்மாவிடம் சொல்லி வையுங்கள்.