காலாண்டு லீவில் ஏறிய பேன்: ஐப்பசியில் செய்ய வேண்டியவை

வேலப்பன்சாவடி, நூம்பல், திருவேற்காடு, வானகரம் பக்கத்து வீடுகளுக்கான ஐப்பசி மாத ஆலோசனை இது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும் வீடு என்றால், இந்த வாரமே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து எல்லார் தலையையும் பார்த்துவிடுங்கள். பிள்ளை தலையைச் சொறியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

முதல்முறை பேன் தொற்றும்போது அரிப்பு உடனே வராது. பேன் கடிக்கையில் தோலில் இறங்கும் எச்சில் உடம்புக்கு ஒவ்வாமல் போன பிறகுதான் அரிப்பு தொடங்கும். அதற்கு 4 முதல் 6 வாரம்கூட ஆகலாம். செப்டம்பர் கடைசியில் காலாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போயிருப்பார்கள். அங்கே அத்தை பிள்ளை, சித்தி பிள்ளை, பெரியப்பா பிள்ளை என்று எல்லாரும் ஒரே பாயில் வரிசையாகப் படுத்திருப்பார்கள். அந்த லீவில் ஏறியது அரிப்பாகத் தெரியவரும்போது தீபாவளி வந்துவிடும். அதற்குள் அம்மா தலைக்கும், பக்கத்தில் படுக்கும் பாட்டி தலைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

மழைக்காலத்தில் தலை ஈரமாகவே இருப்பதால் பேன் உண்டாகிறது என்று பலர் சொல்கிறார்கள். ஈரத்திலோ அழுக்கிலோ பேன் பிறப்பதில்லை. இன்னொரு தலையிலிருந்துதான் அது வந்தாக வேண்டும். அது பறக்காது, குதிக்காது. நாய், பூனையிடமிருந்தும் வராது. தலையும் தலையும் ஒட்டியிருந்தால் முடி பிடித்து ஏறிப் போகும், அவ்வளவுதான். தெருவில் ஓட வேண்டிய பிள்ளைகளை மழை ஓர் அறைக்குள் அடைத்துவிடுகிறது. ஒரு மொபைலின் மேல் மூன்று தலை குனிந்திருக்கும். டியூஷன் வீட்டு ஹாலில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகிற ஸ்கூல் வேனில் ஒருவர் மடியில் ஒருவர் தூங்கி விழுவார்கள். தினமும் தலைக்குக் குளிக்கிற வீட்டிலும் பேன் வரும். வந்துவிட்டால் அதில் யாருடைய குற்றமும் இல்லை. தலைப்பேன் எந்த நோயையும் பரப்புவதும் இல்லை. அதனால் பதறி எதையாவது தலையில் கொட்டிவிடாதீர்கள்.

பேனைவிட எனக்குப் பெரிய பயம் சீத்தாப்பழக் கொட்டையைப் பற்றித்தான். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை தள்ளுவண்டிகளில் சீத்தாப்பழம் குவிந்திருக்கும். பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் காயவைத்து, பொடித்து, எண்ணெயில் குழைத்துப் பேனுக்குத் தேய்ப்பது நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கும் பழக்கம். பேன் சாகும் என்பது உண்மைதான். பூச்சியைக் கொல்லும் நச்சு அந்தக் கொட்டையில் இருக்கிறது. அதே நச்சு கண்ணில் பட்டால் கருவிழியின் மேல்தோலை உரித்துவிடும். தலையில் தேய்த்த பொடி அலசும்போது நெற்றி வழியாகக் கண்ணுக்குள் இறங்கும். பொடியைக் கையால் கலக்கிய அம்மா அந்தக் கையாலேயே தன் கண்ணைக் கசக்கியிருப்பார். கொஞ்ச நேரத்தில் கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசி, தாங்க முடியாத வலி வந்துவிடும். இப்படிக் கருவிழி புண்ணாகி வந்தவர்களைப் பற்றி இந்தியக் கண் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப எழுதி எச்சரித்திருக்கிறார்கள். ஆகவே இந்த வருஷம் கொட்டையைக் குப்பையில் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே யாராவது தேய்த்து, கண்ணில் பட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரைக் கண்ணைத் திறந்தபடி 15 நிமிடமாவது ஓடவிட்டுக் கழுவுங்கள். கசக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் பழைய சொட்டு மருந்தையும் விட வேண்டாம். நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். நம் நெடுஞ்சாலை வழியாக நகரத்தை நோக்கிப் போனால் எழும்பூரில் அரசுக் கண் மருத்துவமனை இருக்கிறது. 1819-இல் தொடங்கியது; அவசரத்துக்கு யாரும் போகலாம்.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சித் தேய்ப்பதைச் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்யாதீர்கள். கற்பூரம் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், வலிப்பை உண்டாக்கும். கையில் கிடைத்த துண்டைப் பிள்ளை வாயில் போட்டுக்கொண்டால் இன்னும் ஆபத்து. மண்ணெண்ணெய் தேய்த்த தலையோடு அடுப்பங்கரைக்குப் போய்த் தீப்பற்றிச் செத்தவர்கள் உண்டு. மத்தாப்பும் வெடியும் கையில் இருக்கும் மாதம் இது. எறும்புக்குப் போடும் சாக்பீஸ், கரப்பான்பூச்சிக்கு அடிக்கும் ஸ்பிரே, செடிக்கு அடிக்கும் மருந்து, இவற்றில் எதுவும் எந்தத் தலைக்கும் ஆகாது.

இவற்றைவிட நம்பகமானது சீப்பு. இஸ்ரேலில் லாக்கீஷ் என்ற பழைய நகரத்தைத் தோண்டியபோது யானைத் தந்தத்தில் செய்த சின்னச் சீப்பு ஒன்று கிடைத்தது. அதில் பொறித்திருந்த வரியைப் படித்து 2022-இல் வெளியிட்டார்கள். முடியிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்ற வேண்டுதல்தான் அது. சுமார் 3,700 வருஷத்துக்கு முந்தையது. ஒரு பக்கம் சிக்கெடுக்க 6 தடித்த பல், மறுபக்கம் பேன் எடுக்க 14 நெருக்கமான பல். நம் ஊரில் இரண்டு பக்கமும் பல் வைத்து விற்கும் பேன் சீப்பின் அமைப்பும் இதேதான்.

மருந்துக் கடையில் உலோகப் பல் வைத்த பேன் சீப்பு கிடைக்கும், அதை வாங்குங்கள். பிளாஸ்டிக் சீப்பின் பல் வளைந்துகொடுக்கும், ஈர் தப்பிவிடும். பாட்டியிடம் பழைய மர ஈர்கோலி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். பல் ஒடிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாருவதற்கும் ஒரு முறை உண்டு. காய்ந்த தலையில் பேன் ஓடிவிடும். ஈரத் தலையில், வழுவழுப்பும் சேர்ந்திருந்தால், கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். ஷாம்பு போட்டு அலசிவிட்டுக் கண்டிஷனரைத் தாராளமாகப் பூசுங்கள். கண்டிஷனர் இல்லையென்றால் தேங்காயெண்ணெயை வேர்வரை நனையத் தேய்க்கலாம். அகலப் பல் சீப்பால் முதலில் சிக்கெடுங்கள். பிறகு முடியை நான்காக வகிர்ந்து கிளிப் போட்டு, ஜன்னல் வெளிச்சத்திலோ டியூப்லைட் அடியிலோ உட்காரவையுங்கள். காதுக்குப் பின்புறமும் பிடரியும்தான் பேனுக்குப் பிடித்த இடம், அங்கிருந்து தொடங்குங்கள். சீப்பின் பல் மண்டைத் தோலைத் தொட வேண்டும். வேரிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. ஒவ்வோர் இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். எள் அளவில் பழுப்பாக நகர்ந்தால் அது பெரிய பேன். குண்டூசித் தலையளவு இருப்பது குட்டி. நீள முடிக்கு அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகும். பிள்ளை அழும், நெளியும். கதை சொல்லுங்கள், பாட்டுப் போடுங்கள், நடுவில் விட்டுவிட்டும் தொடருங்கள். தலையில் குட்டாதீர்கள்.

வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் விரலால் தட்டிப் பாருங்கள். பொடுகு உதிர்ந்துவிடும். ஈர் முடியோடு பசை போட்டதுபோல ஒட்டியிருக்கும், நகத்தால் உருவினால்தான் வரும். மண்டையிலிருந்து 1 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஈர் பெரும்பாலும் பொரித்துப்போன கூடுதான். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும், கூடும் முடியோடு வெளியே தள்ளிப் போயிருக்கும். கூட்டைப் பார்த்துவிட்டு மறுபடி மருந்து போடாதீர்கள். உயிருள்ள பேன் இருந்தால்தான் வைத்தியம்.

ஒரு நாள் வாரிவிட்டு நிறுத்திவிடுவதால்தான் வருஷம் முழுக்க வீட்டில் பேன் இருக்கிறது. பெண் பேன் ஒன்று ஒரு நாளைக்கு 8 முட்டைவரை இடும். முட்டை பொரிக்க 7 முதல் 10 நாள்வரை ஆகும். பொரித்த குட்டி தான் முட்டையிடும் நிலைக்கு வர இன்னும் 9, 10 நாளாவது வேண்டும். இந்த இடைவெளிக்குள் குட்டிகளை எடுத்துவிட்டால் வம்சம் அறுந்துபோகும். அதற்கு முதல் நாள், 5-ஆம் நாள், 9-ஆம் நாள், 13-ஆம் நாள் வாரினால் போதும். வெள்ளிக்கிழமை தொடங்கினால் அடுத்தது செவ்வாய், பிறகு சனி, பிறகு புதன். பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வெள்ளியும் செவ்வாயும், ஆண்கள் குளிக்கும் சனியும் புதனும் இதில் அப்படியே வந்துவிடுகின்றன. வீட்டுக் காலண்டரில் இந்த நான்கு நாளையும் வட்டம் போட்டு வையுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்டு வேலைக்குப் போகும் அம்மாவால் வாரநாளில் முடியாவிட்டால், அப்பா வாரட்டும், அத்தை வாரட்டும். அந்த நாளைத் தள்ளிப்போடக் கூடாது. பிரிட்டனில் இதே முறையில் நான்கு தடவை வாரியவர்களையும் கடையில் கிடைக்கும் பேன் மருந்து போட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2005-இல் வந்த அந்த ஆய்வில் வாரியவர்களில் 57 சதவீதம் பேருக்குப் பேன் ஒழிந்தது. மருந்து போட்டவர்களில் 13 சதவீதம் பேருக்குத்தான்.

மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. நிறையப் பேன் இருந்தால், வார ஆளில்லை என்றால், மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டு 1 சதவீத பெர்மெத்ரின் வாங்குங்கள். டப்பாவில் எண்ணைப் படியுங்கள். 5 சதவீதம் சிரங்குக்கானது. ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் அலசி, துவட்டிவிட்டு, ஈரம் இருக்கும்போதே பூசுங்கள். முன்னதாகக் கண்டிஷனர் போடக் கூடாது. 10 நிமிடம் கழித்து, பிள்ளையைக் குனியவைத்துத் தலையை மட்டும் அலசுங்கள், கண்ணைத் துணியால் மூடிக்கொள்ளட்டும். அதன்பிறகு இரண்டு நாள் ஷாம்பு வேண்டாம். இந்த மருந்து ஈரைக் கொல்லாது, ஆகவே 9-ஆம் நாள் மறுபடி போட்டே ஆக வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குச் சீப்பு மட்டும்தான். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் அம்மாக்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் பூச வேண்டாம். ஐவர்மெக்டின் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் எடை பார்த்து மருத்துவர் எழுத வேண்டியது அது, 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தருவதில்லை. தலையில் சீழ், பொருக்கு, பிடரியில் நெறி, காய்ச்சல் என்று ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம், வேலப்பன்சாவடியிலேயே ஏ.சி.எஸ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது.

வீட்டைக் கழுவிவிடுவது, பூச்சி மருந்து அடிப்பது எதுவும் தேவையில்லை. தலையை விட்டு விழுந்த பேன் ஒன்றிரண்டு நாளில் பட்டினியில் செத்துவிடும். முதல் நாள் வாரும்போது, கடைசி இரண்டு நாள் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, போர்வை, ரிப்பன் ஆகியவற்றைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவையுங்கள். மழையில் காயாது என்றால் பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் ஒதுக்கிவையுங்கள். சீப்புகளைக் கை பொறுக்காத சூட்டு நீரில் 10 நிமிடம் போட்டால் போதும்.

பெண் பிள்ளைக்குப் பேன் என்று மொட்டை போடாதீர்கள். திருவேற்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டு முடி இறக்குவது வேறு, அதைக் குடும்பமே சந்தோஷமாகச் செய்கிறது. பேனுக்காக, பிள்ளை அழ அழ, தண்டனை மாதிரி மழித்துவிட்டு மறுநாள் வகுப்புக்கு அனுப்புவது அந்தப் பிள்ளையின் மனசில் வருஷக்கணக்கில் நிற்கும். நான்கு நாள் சீப்பால் முடிகிற காரியம் இது. ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பேன் இருக்கும் பிள்ளையைத் தனி பெஞ்சில் உட்காரவைக்க வேண்டாம், வீட்டுக்குத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் இதைத்தான் சொல்கிறது. கண்டுபிடிக்கும் நாளில் அந்தப் பேன் பல வாரமாக அதே வகுப்பில்தான் இருந்திருக்கும். சாயங்காலம் அம்மாவிடம் தனியாகச் சொன்னால் போதும். பள்ளிக்கு ரெட்டை ஜடையை இறுக்கிப் பின்னி மடித்துக் கட்டி அனுப்புங்கள், விரித்த முடியைவிடப் பேன் ஏற வழி குறைவு.

உங்கள் வீட்டில் மட்டும் வாரிப் பயனில்லை, பக்கத்துப் போர்ஷன் பிள்ளையோடுதானே உங்கள் பிள்ளை விளையாடுகிறது. மூடி மறைக்காமல் சொல்லிவிடுங்கள். "அக்கா, எங்க பாப்பா தலையில பேன் இருந்துச்சு, வெள்ளிக்கிழமை வாரப் போறேன். உங்க பொண்ணும் கூடவே சுத்துதுல்ல, அன்னைக்கே நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்க" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "உங்க பொண்ணாலதான் வந்துச்சு" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும், பேனும் போகாது. இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் தொடங்குவதுதான் முக்கியம்.

17-ஆம் நாள், அதாவது மூன்றாவது ஞாயிறு, மறுபடி ஈரத் தலையில் வாரிப் பாருங்கள். குட்டிப் பேன் மட்டும் வந்தால், உங்கள் வாருதலில் ஈர் தப்பியிருக்கிறது. இன்னொரு சுற்று அதே நான்கு நாள் கணக்கில் வாருங்கள். முழுசாக வளர்ந்த பேன் வந்தால் வெளியிலிருந்து புதிதாக ஏறியிருக்கிறது. வேனில், டியூஷனில், வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை யார் என்று கேட்டு அந்த வீட்டிலும் சொல்லுங்கள். இரண்டு தடவை மருந்து போட்டும் உயிரோடு நடமாடினால் மூன்றாவது தடவை அதே மருந்தைப் போடாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.