கட்டுரையைப் பாராட்டி ஒரு மடல்

அன்பு மகளுக்கு,

ஆய்வு மாணவியாகச் சேர்ந்த கையோடு பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியும் கிடைத்துவிட்டது என்று உன் அம்மா சொன்னார். சந்தோஷம். அதற்கு ஆசைப்படுகிற வேறு சிலரும் இருக்கிறார்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஈரானியர் ஒன்பது பேர் மீதான குற்றப்பத்திரிகையை வெளியிட்டது. உலகெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பேராசிரியர்களின் கணக்குகளைக் குறிவைத்து, சுமார் 8,000 கணக்குகளுக்குள் அவர்கள் நுழைந்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. மடலில் லாட்டரிப் பரிசெல்லாம் இல்லை. வேறொரு பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுதுவதுபோல, 'உங்கள் கட்டுரையைப் படித்தேன், இவற்றையும் பாருங்கள்' என்று சில இணைப்புகள், அவ்வளவுதான். தன் கட்டுரையையும் ஒருவர் படித்திருக்கிறார் என்றால் எந்தப் பேராசிரியருக்குத்தான் கை சும்மா இருக்கும்? தட்டினால் அவருடைய பல்கலைக்கழக லாகின் பக்கத்தை அப்படியே உரித்து வைத்த ஒரு பக்கம் திறக்கும். தானாக லாக்-அவுட் ஆகிவிட்டதாக்கும் என்று அவரும் கடவுச்சொல்லைப் போட்டுவிடுவார்.

ஆகவே பக்கத்தின் அழகைப் பார்க்காதே, முகவரியைப் பார். பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் எங்காவது இருந்தால் போதாது. தொடக்கத்து https://-ஐ விட்டுவிட்டால் வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்பதே கணக்கு. சந்தேகம் வந்தால் மூடிவிட்டு, முகவரியை நீயே தட்டச்சு செய்து உள்ளே போ.

படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்று யாராவது சொன்னால், கனடாவின் எட்மன்டன் நகரத்து மக்யூவன் பல்கலைக்கழகத்தின் கதையைச் சொல். 2017-இல், கட்டட ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் பெயரில், வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மடல் வந்தது. அலுவலர்கள் நம்பிக் கணக்கை மாற்றினார்கள். மூன்று தவணையில் 1 கோடியே 18 லட்சம் கனடிய டாலர் போய்ச் சேர்ந்தது. உண்மையான நிறுவனம் பாக்கியைக் கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. பிறகு பெரும்பகுதி மீட்கப்பட்டது என்பது அவர்கள் அதிர்ஷ்டம். கோப்பில் ஏற்கெனவே இருந்த எண்ணுக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தால் போதும். மடலில் தந்திருக்கும் எண்ணுக்கு அடித்தால் திருடனேதான் எடுப்பான்!

உனக்கு வரப்போவது இதன் சின்ன வடிவம். 'மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது, அவசரமாக கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணை அனுப்பு' என்று உன் ஆய்வு கைடு பெயரில் வரும். அனுப்பிய முகவரி ஏதோ ஒரு ஜிமெயிலாக இருக்கும். நம்மூரில் கைடை மறுகேள்வி கேட்கும் வழக்கம் இல்லை, மோசடிக்காரனுக்கு அது ரொம்ப வசதி. நீ கேள். அறைக்கே போய்க் கேள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

தப்பித் தவறிக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால், வெட்கப்பட்டு ஒளிக்காதேம்மா. உடனே மாற்று, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு, கணினி மையத்துக்குச் சொல். மடலை அழித்துவிடாதே, அவர்களுக்கு அதுதான் தடயம். அஞ்சல் அமைப்புகளில் 'ஃபார்வர்டிங்' பகுதியையும் திறந்து பார். உள்ளே நுழைந்தவர்கள் மடல்கள் தாமாகவே வெளியே போகும்படி அங்கே ஏற்பாடு செய்துவிடுவதுண்டு. பணம் போயிருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அடி.

இப்படிக்கு,
சித்தப்பா