ஓர் எழுத்து கூடினால்

ஐதராபாத் நகரில் பாலாநகர் என்ற பகுதி இருக்கிறது. அது தொழில் நிறைந்த பகுதி. லேத் பட்டறைகள் நிறைய உண்டு. ஐ.டி.பி.எல். என்ற அரசு மருந்துத் தொழிற்சாலையும் ஒரு காலத்தில் அங்கே இயங்கியது. இரும்பும் மருந்தும் செய்த ஊர் அது.

பாலாநகரில் வாழும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். தந்தை லேத் பட்டறைத் தொழிலாளி. அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. மகனுக்கு வயது 22. மாலையில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறான். தாய் இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றவர்.

ஒரு நாள் மகன் ஒரு டப்பா வாங்கி வந்தான். உள்ளே வெள்ளைத் தூள். "இது என்னப்பா?" என்று தாய் கேட்டார். "கிரியேட்டின், அம்மா. உடம்புக்கு வலு தரும்" என்றான் மகன். தாய் அந்தப் பெயரை நோட்டில் எழுதி வைத்தார்.

அந்த வாரம் தந்தையின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்தது. "கிரியேட்டினின் கூடியிருக்கிறது" என்று ஆய்வுக்கூடத்தில் சொன்னார்கள். தாய் அதையும் எழுதினார். இரண்டையும் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

கி-ரி-யே-ட்-டி-ன்.
கி-ரி-யே-ட்-டி-னி-ன்.

'னி' என்ற ஓர் எழுத்துதான் கூடுதல். தாய்க்குப் பயம் வந்தது. நோட்டையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு பஸ்தி தவாகானாவுக்குப் போனார். பஸ்தி தவாகானா என்றால் குடியிருப்புப் பகுதியில் உள்ள சிறு அரசு மருத்துவமனை. ஐதராபாத்தில் இவை 2018-இல் தொடங்கப்பட்டன.

தாய்: ஐயா, அப்பாவின் உடம்பில் கூடியிருப்பதைத்தான் மகன் தூளாகக் குடிக்கிறானா?

மருத்துவர்: இல்லை அம்மா. விறகும் சாம்பலும் ஒன்றா?

தாய்: இல்லை ஐயா.

மருத்துவர்: கிரியேட்டின் விறகு மாதிரி. அது தசைக்கு உதவும். கிரியேட்டினின் சாம்பல் மாதிரி. அது கழிவு. சிறுநீரகம் அந்தச் சாம்பலைக் கூட்டி வெளியே தள்ளும். ரத்தத்தில் சாம்பல் சேர்ந்தால், கூட்டும் ஆளுக்குச் சோர்வோ என்று பார்க்க வேண்டும்.

தாய்: ஐயா, அவரும் நேற்று அந்தத் தூளில் ஒரு கரண்டி கலக்கிக் குடித்தார். பட்டறை வேலைக்கு வலு வரும் என்று நினைத்தார்.

மருத்துவர்: இனி வேண்டாம் அம்மா. சர்க்கரை நோய் உள்ளவர். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். அவரை நாளைக்கே அழைத்து வாருங்கள். தூள் குடித்ததையும் சொல்லச் சொல்லுங்கள். தூள் குடித்தாலே அந்த எண் கொஞ்சம் கூடலாம். நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.

தாய் கேட்டது நல்ல கேள்வி. நாமும் சில சொற்களைத் தெரிந்துகொள்வோம்.

கிரியேட்டின்

இது நம் உடம்பே செய்யும் பொருள். கல்லீரலும் சிறுநீரகமும் இதைச் செய்கின்றன. நாளொன்றுக்குச் சுமார் 1 கிராம் உண்டாகிறது. மீனிலும் இறைச்சியிலும் இருந்தும் கிடைக்கிறது. இதில் பெரும்பகுதி தசையில் தங்குகிறது.

1832-இல் செவ்ரல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதை இறைச்சியில் கண்டுபிடித்தார்.

கனமான இரும்பைச் சட்டென்று தூக்குகிறோம். அந்தச் சில நொடிகளுக்குத் தசைக்கு உடனே சக்தி வேண்டும். அப்போது கிரியேட்டின் கை கொடுக்கிறது. பயிற்சிக் கூடத்தில் எடை தூக்குபவருக்கும் பட்டறையில் இரும்பு தூக்குபவருக்கும் இது பொது.

தூளை மட்டும் குடித்தால் தசை வளராது. பயிற்சியும் உணவும் தூக்கமும் வேண்டும். தொடக்கத்தில் எடை 1 அல்லது 2 கிலோ கூடலாம். அது பெரும்பாலும் தசையில் சேர்ந்த தண்ணீர்.

கிரியேட்டின் ஸ்டீராய்டு அல்ல. ஸ்டீராய்டு வேறு வகை மருந்து. மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடக்கூடாது.

நல்ல உடல்நலம் உள்ள பெரியவர்கள் நாளுக்கு 3 முதல் 5 கிராம் எடுத்தால் சிறுநீரகம் கெடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் கேட்க வேண்டும்.

லோடிங்

முதல் 5 முதல் 7 நாள் தினமும் 20 கிராம் எடுப்பதை லோடிங் என்கிறார்கள். இது கட்டாயம் அல்ல. நாளுக்கு 3 கிராம் எடுத்தாலும் சில வாரங்களில் தசை நிறைந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டப்பாவில் 250 கிராம் இருக்கிறது. நாளுக்கு 5 கிராம் எடுத்தால் 50 நாள் வரும். நாளுக்கு 20 கிராம் எடுத்தால் பன்னிரண்டரை நாளில் தீர்ந்துவிடும். யாருக்கு லாபம்?

ரெப், செட்

எடையை ஒரு தடவை தூக்கி இறக்கினால் அது ஒரு ரெப். நிறுத்தாமல் செய்யும் பல ரெப் சேர்ந்தது ஒரு செட். 12 ரெப் வீதம் 3 செட் என்றால் மொத்தம் 36 தடவை.

புரதம்

தசை வளரப் புரதம் வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்குச் சுமார் 0.83 கிராம் போதும். 60 கிலோ எடை உள்ளவருக்குச் சுமார் 50 கிராம்.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. 100 கிராம் துவரம்பருப்பில் 20 கிராமுக்கு மேல் இருக்கிறது. 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் இருக்கிறது.

இந்த அளவைச் சொன்னது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அது 1918-இல் நம் குன்னூரில் ஒரே ஓர் அறையில் தொடங்கியது. 1958-இல் ஐதராபாத்துக்கு வந்தது. இன்று தார்நாக்காவில் இருக்கிறது. உடம்பை ஏற்றப் புரதத் தூளை நாட வேண்டாம் என்று 2024-இல் அது மக்களுக்கு அறிவுரை சொன்னது.

டப்பாவைப் படியுங்கள்

எழுத்து ஆங்கிலத்தில் இருக்கலாம். எண்களை நீங்களே படிக்கலாம்.

1. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கிறதா? அதில் 14 இலக்கங்கள் இருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள்.
2. செய்த தேதி, காலாவதித் தேதி என்ன?
3. ஒரு வேளைக்கு எத்தனை கிராம்?
4. முத்திரை உடைந்திருக்கிறதா?
5. ரசீது தருகிறார்களா? ஏமாற்றினால் 1915 என்ற நுகர்வோர் எண்ணுக்குப் பேசலாம்.

அந்தத் தாய் வீட்டுக்கு வந்தார். மகனிடம் சொன்னார்: "உன் காசு, உன் உடம்பு. நீ யோசித்துச் செய். ஆனால் இந்த டப்பா அப்பாவின் கைக்கு எட்டக்கூடாது." டப்பாவின் மேல் ஒரு தாளை ஒட்டினார். அதில் தம் கையாலேயே எழுதினார்: "அப்பா குடிக்கக்கூடாது."

பயிற்சி

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

1. தசைக்கு உதவுவது ______. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு ______.
2. 10 ரெப் வீதம் 4 செட் என்றால் மொத்தம் ______ தடவை.
3. 300 கிராம் டப்பா. நாளுக்கு 3 கிராம். ______ நாள் வரும்.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தால் எடுங்கள். அதில் கிரியேட்டினின் எண் எங்கே இருக்கிறது? பக்கத்திலேயே சரியான அளவும் அச்சாகியிருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.