ஏற்றமில்லாத ஊரில் நடை

மலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் ஏற்றத்தை நினைத்துத் தயாராகிறார்கள். காவிரிக் கடைமடைக்கு வருகிறவர்களோ, “சமதரைதானே, பிள்ளைகள் ஓடிவிடும்” என்று அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். தரங்கம்பாடியிலிருந்து கோடியக்கரை வரைக்கும் மூச்சு வாங்க வைக்கும் மேடு கிடையாது என்பது உண்மைதான். இங்கே ஆளை அசத்துவது வெயிலும் காற்றும் காலுக்குக் கீழே இளகும் மணலும். தூரத்துக் கோபுரம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். நடக்க நடக்கக் கிட்டே வராது. பிள்ளைகள் சலித்துப்போவதும் பெரியவர்கள் உட்கார இடம் தேடுவதும் அப்போதுதான். அம்மா, மனைவி, பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையாகச் சேர்ந்து இந்தப் பக்கங்களில் நடந்து பழகியதில் எனக்குப் பிடிபட்ட கணக்கு இது: சமதரையில் கிலோமீட்டரை எண்ணிப் பயனில்லை, நிழலை எண்ண வேண்டும். அடுத்த மரம் எங்கே, அடுத்த திண்ணை எங்கே என்று தெரிந்தால் எழுபது வயதுக்காரரும் நன்றாக நடப்பார்.

முதல்முறை வருகிற குடும்பத்துக்கு நான் சொல்வது தரங்கம்பாடி. நகர வாசலில் தொடங்கி ராஜ வீதி வழியாகக் கடல் வரைக்கும் ஒரு கிலோமீட்டருக்குள்தான். அந்தச் சின்னத் தூரத்துக்குள் 1701இல் கட்டிய சீயோன் தேவாலயம், சீகன்பால்கு கட்டிய 1718ஆம் ஆண்டின் புதிய எருசலேம் தேவாலயம், 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை, பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடும். கால் வலிக்கிறது என்று பிள்ளை சொல்வதற்குள் பார்க்க ஏதாவது ஒன்று எதிரே நிற்கும். எளிய நடைக்கு இதைவிட நல்ல தெரு எனக்குத் தெரியாது.

திசையை மட்டும் கவனியுங்கள். வீதி மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போகிறது. காலையில் வாசலிலிருந்து கிளம்பினால் வெயில் முழுக்க முகத்தில் அடிக்கும்; பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் நடப்பார்கள், பக்கத்தில் இருக்கும் எதையும் பார்க்க மாட்டார்கள். அதனால் நாங்கள் விடியும்போதே கடற்கரைக்குப் போய்விடுவோம். சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டு, அதை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கே நடப்போம். மாலையில் இதற்கு நேர்மாறு. கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகம் அதிகாலையில் திறந்திருக்காது. அதையும் பார்ப்பதென்றால் மாலை நடையே தோது.

கடற்கரை மணலில் நடப்பது தெருவில் நடப்பது போல இல்லை. காய்ந்த மணலில் ஒவ்வொரு அடியும் உள்ளே போய் வெளியே வர வேண்டும். தெருவில் மூன்று கிலோமீட்டர் நடக்கிறவர் அங்கே ஒன்றரையிலேயே களைத்துவிடுவார். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல்தான் கெட்டியானது. நம் கரையில் கடல்நீரின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட வராது, அதனால் அந்த ஈரப் பட்டை குறுகலாகத்தான் கிடைக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற நேரத்தில் அது இன்னும் குறுகிவிடும். இன்னொன்று, கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கிறது. ஒரே பக்கமாக நடந்துகொண்டே போனால் ஒரு கால் எப்போதும் தாழ்வில் விழும். முட்டிவலி உள்ளவர்களுக்கு அது உடனே தெரியும். போன வழியிலேயே திரும்பி வந்தால் பாரம் இரண்டு காலுக்கும் சமமாகிவிடும். அம்மாவோடு போகும்போது வட்டமாகச் சுற்றும் வழிகளை நான் தேடுவதில்லை, இதனால்தான்.

காற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. காலையில் கரையிலிருந்து கடலுக்கு மெல்ல வீசும். நண்பகலை ஒட்டிக் கடல்காற்று திரும்பும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும், அந்த மாதங்களில் சின்னப் பிள்ளைகளோடு திறந்த வெளியில் நடக்க வேண்டாம். மற்ற நாட்களில் எதிர்க்காற்றில் தொடங்குங்கள். தெம்பு இருக்கும்போது எதிர்க்காற்றைச் சமாளித்துவிடலாம். களைத்துத் திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிக் கொடுக்கும்.

மீனவர் ஊர்களை ஒட்டி நடக்கும்போது கரை அவர்களுடைய வேலைக்களம் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்போம். காயப் போட்ட வலையை மிதிக்கக் கூடாது. கரைவலை இழுக்கும்போது கயிற்றைத் தாண்டக் கூடாது. அது எந்த நிமிடமும் விறைத்துக்கொண்டு மேலே எழும்பும். தள்ளி நின்று பார்த்தால் அவர்களே கூப்பிட்டுக் காட்டுவார்கள். ஒருமுறை என் மகன் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் போய், “தாத்தா, இந்த முடிச்சு எப்படிப் போடுறது?” என்று கேட்டான். “உக்காரு தம்பி” என்று அவர் பக்கத்தில் இடம் விட்டார். அன்றைய நடை அங்கேயே முடிந்துவிட்டது, அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். துறைமுகத்துப் பரபரப்பைக் காட்ட நினைப்பவர்கள் அதைத் தவிர்த்து வரலாம்.

கடலில் இறங்குவது பற்றி எங்கள் வீட்டில் பேச்சுக்கே இடமில்லை: கணுக்கால் நனையலாம், அவ்வளவுதான். ஆற்று முகத்துவாரங்களில் அதுவும் கூடாது. மேலே சலனமில்லாத நீர் அடியில் இழுத்துக்கொண்டிருக்கும், நேற்று இருந்த மணல்திட்டு இன்று இருக்காது. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். விடியற்காலையில் டிராக்டர் சக்கரம் போனது போல ஒரு தடம் கடலிலிருந்து ஏறித் திரும்பியிருந்தால் அது ஆமையின் தடம். பிள்ளைகள் தோண்டிப் பார்க்க ஆசைப்படுவார்கள். விடாதீர்கள், வனத்துறையிடம் சொல்லுங்கள். மணல்மேட்டில் வளரும் இராவணன் மீசைப் புல் ஊசி போலக் குத்தும் என்பதால் வெறுங்காலோடு அந்தப் பக்கம் விட வேண்டாம். அடம்புக்கொடி படர்ந்த இடத்தில் தைரியமாக உட்காரலாம்.

கடலை விட்டு இரண்டு கிலோமீட்டர் மேற்கே தள்ளி வந்தால் வாய்க்கால் கரைகள். இந்த நடையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். ஐப்பசி, கார்த்திகையில் களிமண் வழுக்கும், அப்போது வேண்டாம். தையில் சம்பா பழுத்து நிற்கும்போது வாருங்கள். பனி விலகும் நேரத்தில் மின்கம்பியில் பனங்காடை, நீரோரத்தில் மீன்கொத்தி, அறுத்த வயலில் மேய்ச்சலுக்கு வந்த வாத்துக் கூட்டம். அம்மா இங்கே வந்தால் நடை தானாக மெதுவாகிவிடும். கதிரைக் கையில் தடவிப் பார்ப்பார், எந்த மடையில் தண்ணீர் எப்படித் திரும்பும் என்று பேத்திக்குச் சொல்லிக்கொண்டே வருவார். “அப்பாயி, இதுல எப்ப சோறு வரும்?” என்ற கேள்விக்கு அரை மணி நேரம் பதில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

இங்கே ஒரு வேண்டுகோள். அறுவடை முடிந்த வயல் சும்மா கிடப்பது போலத் தெரியும். அநேகமாக அப்படி இல்லை. சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, ஈரம் இருக்கும்போது உளுந்தையோ பயறையோ நெற்பயிருக்குள் தெளித்துவிடுவார்கள். அறுத்தபின் தாளுக்கு நடுவே அதுதான் முளைத்து வருகிறது. வெளியூர்ப் பிள்ளைகள் அதில் ஓடிப் பிடித்து விளையாடினால் ஒரு குடும்பத்தின் விளைச்சல் மிதிபடும். வரப்பை விட்டு இறங்காதீர்கள்.

கோடியக்கரைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். காட்டுக்குள் உலக்கைப்பாலை மரங்கள் நல்ல நிழல் தரும். வெளிமான் மேயும் புல்வெளியில் நிழல் சுத்தமாகக் கிடையாது. அதனால் அதிகாலையில் புல்வெளி, வெயில் ஏறியதும் காடு என்று வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். சரணாலயத்துக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். மானைக் கண்டால் நின்றுவிட வேண்டும். நாம் நின்றால் அதுவும் நிற்கும். குரங்குகள் இருப்பதால் தின்பண்டப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். பூநாரைகளைப் பார்க்க வேண்டுமென்றால் மார்கழி, தையில் வாருங்கள், ஒரு தொலைநோக்கியும் இருக்கட்டும். இந்தத் தட்டை நிலத்தில் உயரமான இடம் ராமர் பாதம் என்கிற மணல்மேடுதான். பிள்ளைகள் அதில் ஏறி நின்று, மலை ஏறியதாகவே மகிழ்வார்கள்.

போகும் வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவிடத்தில் இறங்குங்கள். 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்து கிளம்பினார்கள். சுமார் 240 கிலோமீட்டர், சித்திரை வெயிலில். வேதாரண்யத்தை அடைந்து ஏப்ரல் 30ஆம் தேதி உப்பெடுத்தார்கள். நாலு எட்டு வைத்துவிட்டு முரண்டு பிடிக்கும் பிள்ளையிடம் அந்த இடத்தில் நின்று இதைச் சொல்லிப் பாருங்கள். சுற்றியுள்ள உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும், தொப்பியும் குடையும் அவசியம். பாத்தி வரப்புகளில் வேலை நடக்கிறது, கேட்காமல் ஏறக் கூடாது.

சாமான்கள் பற்றிச் சுருக்கமாக: ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட மோர், எலுமிச்சை சாதம், ஒரு பழைய போர்வை, பட்டை வைத்த செருப்பு. பெண்கள் அதிகம் சிரமப்படுவது கழிப்பறைக்குத்தான். கடற்கரையிலும் வயல்வெளியிலும் வசதி இல்லை. பேருந்து நிலையம், உணவகம் என்று எங்கே நின்று கிளம்புவது என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள்; தெரியாமல் போனால் தண்ணீர் குடிக்காமலே நடப்பார்கள், மயக்கம் அங்கேதான் தொடங்கும்.

காலை ஒன்பதரைக்கு மேல் நடக்காதீர்கள். வீட்டிலேயே மெதுவாக நடக்கிறவரை முன்னால் விடுங்கள், மற்றவர்கள் பின்னால் வரட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களை அவசியம் அழைத்து வாருங்கள். மலைக்கும் அருவிக்கும் “நீங்க போயிட்டு வாங்க” என்று வாசலில் நின்றுவிடுகிறவர்கள் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கூடவே நடக்கக்கூடிய இடம் இது.