சோம்பேறி என்று சொல்லாதீர்!



என்னோடு படித்த நண்பன் ஒருவன் மோட்டார் வைண்டிங்கில் புலி. காயிலைக் கையில் எடுத்தால் சாப்பாட்டு மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டான். ஆனால் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் டிராப்டரை வீட்டிலேயே வைத்துவிட்டது ஞாபகம் வரும். ரெக்கார்டு நோட்டு "நாளைக்கு எழுதிக்கலாம்டா" என்றே போகும். அரியர் ஏழானது. மூன்றாம் வருஷம் அவன் வரவில்லை. "சோம்பேறி" என்று அவனைக் கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன்!

அவனுக்கு என்னவென்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் இப்படிப்பட்ட சிலருக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு. 1902-ல் லண்டனில் டாக்டர் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய குழந்தைகளைப் பற்றி உரையாற்றியபோது, ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்றே கருதினார். இன்றைய மருத்துவம் இதை மூளை வளர்ச்சி சார்ந்த குறைபாடு என்கிறது. அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம் பாஷையில் சொன்னால் என்ஜினில் பழுதில்லை, கவர்னர்தான் சரியாகப் பிடிக்கவில்லை! அதனால்தான் பிடித்த வேலையில் மணிக்கணக்காக மூழ்குபவன், பிடிக்காததைத் தொடங்கவே திணறுகிறான்.

மறதி எல்லோருக்கும் உண்டு. சிறு வயது முதலே, வீட்டிலும் வகுப்பிலும் ஓயாமல் தொல்லை தந்தால்தான் சந்தேகிக்க வேண்டும். தூக்கக் குறைவும் மனக்கவலையும்கூட இப்படிக் காட்டும். ஆகவே நாமே முடிவு கட்டக்கூடாது.

அன்றாடம் செய்யக்கூடியவை:

1. ஞாபகத்தை நம்பாதீர்கள். சட்டைப்பையில் சிறு நோட்டு, வாசலருகே ஆணியில் பை, செல்போனில் அலாரம்.

2. வேலையைத் துண்டு போடுங்கள். "ரெக்கார்டு முடிக்கணும்" அல்ல, "இன்று ஒரு படம்."

3. இருபது நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் நடை. செல்போன் அடுத்த அறையில்.

4. நண்பனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அவன் பாடம் நடத்த வேண்டாம், கூட இருந்தாலே போதும்.

5. தூக்கத்தையும் விளையாட்டையும் விடாதீர்கள்.

இதற்கும் அடங்காவிட்டால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 2022-ல் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். மாத்திரை டாக்டர் சொன்னால் மட்டுமே. நண்பனின் மாத்திரை வேண்டவே வேண்டாம்.

கடைசி பெஞ்சில் ஒருவன் திணறினால், "ஏன்டா இப்படி?" என்று கேட்காதீர்கள். "வாடா, சேர்ந்து எழுதலாம்" என்று கூப்பிடுங்கள். நான் அன்று கூப்பிடவில்லை. நீங்களாவது கூப்பிடுங்கள்!