கசடும் தெளிவும்

கசடு என்னும் சொல் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. குற்றம், அழுக்கு, நீக்கத்தக்கது என்னும் பொருள்களிலேயே அதனைப் பயின்று வந்துள்ளோம். ஆயின் நகராட்சிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் அச்சொல்லின் மதிப்பே வேறு. அங்குக் கசடுதான் தொழிலாளி. அம்மதிப்பு அதற்கு வாய்த்த வரலாற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், ஆறு ஏன் கெடுகிறது என்பதை அறிதல் வேண்டும். நகரத்துச் சாக்கடை நீரில் ஏறத்தாழ 99.9 விழுக்காடு நீரே. எஞ்சிய சிறு பங்கை உண்ணும் நுண்ணுயிர்கள், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் எனப்படும் உயிர்வளியை எடுத்துக்கொள்கின்றன. உணவு மிகுந்தால் அவை பெருகும்; உயிர்வளி தீரும்; மீன்கள் மூச்சின்றி மாயும். பின்னர் உயிர்வளியின்றியே வாழவல்ல வேறு நுண்ணுயிர்கள் தலையெடுக்க, நீர் கறுத்து நாற்றமெடுக்கும். சென்னையில் கூவத்தைக் கடந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆற்றில் நிகழும் இவ்வுண்ணலை ஒரு தொட்டிக்குள்ளேயே நிகழ்த்தி முடித்துவிட்டால் ஆறு பிழைக்குமன்றோ? சுத்திகரிப்பு நிலையம் செய்வது இதுவே.

இதற்குரிய சிறந்த வழி, பஞ்சாலைகளால் பெயர்பெற்ற இங்கிலாந்து நாட்டு மான்செஸ்டர் நகரில் பிறந்தது. அந்நகரின் டேவிஹியூம் கழிவுநீர் நிலையத்தில் எட்வர்டு ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்னும் இருவர், கில்பர்ட் ஃபவுலர் என்பார் தந்த தூண்டுதலால், புட்டிகளில் கழிவுநீரை நிரப்பிக் காற்றைச் செலுத்தி ஆய்ந்தனர். முதன்முறை பணி முற்றுப்பெற ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆயின. எந்த நகரம் ஐந்து வாரம் காத்திருக்கும்? அவர்களோ தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய கசடை எறியாமல் வைத்திருந்து, அதன்மீதே புதிய கழிவுநீரை ஊற்றினர். இவ்வாறு மீண்டும் மீண்டும் செய்யச் செய்யக் காலம் குறைந்தது. முடிவில் ஒரு நாளுக்குள்ளேயே பணி நிறைவுற்றது. நம் இல்லங்களில் நேற்றைய தயிரில் சிறிது எடுத்து இன்றைய பாலுக்கு உறையூற்றுவது போன்றதே இது. கசடு என்று கருதப்பட்டது உண்மையில் பசித்த நுண்ணுயிர்களின் கூட்டம். 1914-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இம்முடிவை அவர்கள் வெளியிட்டனர். அவர்கள் இட்ட பெயரைக் 'கிளர்வூட்டிய கசடு' எனத் தமிழில் கூறலாம். ஃபவுலர் 1916-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார் என்பது நமக்கு ஆர்வமூட்டும் செய்தி.

இன்றும் பல நகர நிலையங்கள் இம்முறையிலேயே இயங்குகின்றன. குப்பையும் மணலும் பிரிக்கப்பட்ட நீர், காற்றூட்டும் தொட்டியில் சில மணி நேரம் கசடோடு கலந்து நிற்கும். அடுத்த தொட்டியில் கசடு படியும். அதில் பெரும்பகுதியை மீண்டும் முதல் தொட்டிக்கே திருப்பி அனுப்புவர்.

ஆனால் இது உயிருள்ள தொழிலாளி என்பதை மறத்தலாகாது. மின்சாரம் நின்று காற்று ஓய்ந்தால் கசடு அழுகத் தொடங்கும். தோல் பதனிடும் குரோமியம் போன்ற நச்சு சாக்கடையில் கலந்தால் நுண்ணுயிர்கள் மடியும். நீரிற் கரைந்த உப்பையோ அவற்றால் அகற்றவே இயலாது. நிலையம் இருந்தும் ஆறு கெடுவதற்கு இவையும் காரணங்களாகும்.

உப்பையும் நீக்க வேண்டுமெனில் சவ்வின் வழியே நீரை அழுத்திச் செலுத்துதல் வேண்டும். சென்னைக் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் அளவில் இவ்வாறு தூய்மை செய்யும் நிலையம் 2019-இல் தொடங்கப்பட்டது. அந்நீர் மணலித் தொழிற்சாலைகளுக்குச் செல்லுமாறு அமைக்கப்பட்டது. அத்தொழிற்சாலைகள் கேட்கும் நன்னீர் அந்த அளவுக்கு மக்களின் குடங்களுக்கு மிஞ்சும்.